ஒரே ஓய்வூதியம், இரண்டு மாநிலங்கள்

அமெரிக்க ராணுவத்தில் 18 வயதில் சேர்ந்தவர் 20 ஆண்டுப் பணியை முடிக்கும்போது அவருக்கு வயது 38. அன்று தொடங்கி ஆயுள் முழுக்க மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. ஆனால் 38 வயதில் யாரும் சும்மா உட்கார்ந்துவிடுவதில்லை. வேறு வேலை தேடுகிறார். பிள்ளைகளின் பள்ளி, பெற்றோர் இருக்கும் ஊர், வீட்டு விலை எல்லாவற்றையும் பார்த்து மாநிலம் விட்டு மாநிலம் போகிறார். அந்த இடமாற்றம் ஜனவரி முதல் தேதியில் நடப்பது அபூர்வம். மே மாதத்திலோ ஆகஸ்டிலோதான் நடக்கும். மறு ஆண்டு வரிக்கணக்கை எழுதும்போதுதான் சிக்கல் தெரிகிறது. ஓய்வூதியம் ஒன்று, மாநிலங்கள் இரண்டு, இரண்டிலும் சலுகை வேறு வேறு. எவ்வளவு தொகையை எந்த மாநிலத்தில் காட்டுவது? கழிவை முழுதாக எடுப்பதா, பாதியாக எடுப்பதா?

நம் ஊரில் வருமான வரி மத்திய அரசுக்குப் போகிறது. சம்பளக்காரரிடமிருந்து மாநிலத்துப் பக்கம் போவது தொழில் வரிதான். அதற்கும் ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசியல் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் கூட்டரசுக்கு ஒரு வருமான வரி, வசிக்கும் மாநிலத்துக்குத் தனியாக இன்னொரு வருமான வரி. கூட்டரசைப் பொறுத்தவரை ராணுவ ஓய்வூதியம் வரிக்குரிய வருமானம். நாட்டில் எங்கே வசித்தாலும் அதில் மாற்றமில்லை. மாநிலங்களின் கதைதான் வேறு. டெக்சாஸ், ஃபுளோரிடா, நெவாடா, டென்னசி, வயோமிங், அலாஸ்கா, தெற்கு டகோட்டா, வாஷிங்டன், நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய ஒன்பதும் ஓய்வூதியத்தைத் தொடுவதே இல்லை. நியூயார்க், பென்சில்வேனியா, அரிசோனா, வட கரோலினா போன்றவற்றில் வருமான வரி உண்டு, ஆனால் 20 ஆண்டுப் பணி முடித்தவரின் ராணுவ ஓய்வூதியத்துக்கு முழு விலக்கு. மிச்சமுள்ளவை ஓரளவுக்குக் கழிவு தருகின்றன. பெரும் ராணுவத் தளங்களைக் கொண்ட கலிபோர்னியா மிகவும் தாமதமாக, 2025ஆம் ஆண்டு வருமானத்திலிருந்துதான், 20,000 டாலர் வரை விலக்கு கொடுக்கத் தொடங்கியது. அதுவும் தனிநபரின் வருமானம் 125,000 டாலரையோ தம்பதியின் கூட்டு வருமானம் 250,000 டாலரையோ தாண்டாமல் இருந்தால்தான்.

மாநிலங்கள் இப்படிச் சலுகையை அள்ளிக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஓய்வு பெறும் ராணுவத்தார் நடு வயதினர், பயிற்சி பெற்றவர்கள், கையில் நிலையான வருமானம் உள்ளவர்கள். அவர்கள் தங்கள் மாநிலத்தில் வீடு வாங்கி வேலைக்கும் போனால் மாநிலத்துக்கு லாபம். நார்ஃபோக் கடற்படைத் தளமும் பென்டகனும் இருக்கும் வர்ஜீனியாவைப் பாருங்கள். 2022இல் அது 55 வயதானவர்களுக்கு மட்டும் 10,000 டாலர் கழிவு கொடுத்தது. 2023இல் 20,000 ஆக்கியது. 2024இல் 30,000 ஆக்கி, வயது நிபந்தனையையும் எடுத்துவிட்டது. 2025இல் 40,000. பக்கத்து மாநிலமான மேரிலாந்து 2023 முதல் 55 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 12,500, மற்றவர்களுக்கு 20,000 என்று தருகிறது. நடுவில் ஓடும் பொடோமாக் ஆற்றைத் தாண்டினாலே கணக்கு மாறிவிடுகிறது.

சலுகைகளுக்குப் போகுமுன், ஒரு மாநிலத்துக்கு இந்தப் பணத்தின்மேல் வரி போட உரிமை உண்டா என்பதைப் பார்த்துவிட வேண்டும். இங்கே 1996 முக்கியமான ஆண்டு. அதற்கு முன்பு, ஒருவர் வேலை செய்து ஓய்வூதியம் சம்பாதித்த மாநிலம், அவர் வெளியேறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் வரி கேட்க முடிந்தது. கலிபோர்னியாவில் உழைத்துவிட்டு நெவாடாவில் போய்க் குடியேறிய முதியவர்களுக்குப் பழைய மாநிலத்திலிருந்து வரிக் கடிதங்கள் வந்தன. நெவாடாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வான பார்பரா வுக்கனோவிச் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 1996 ஜனவரியில் சட்டம் வந்தது. தன் மாநிலத்தில் வசிக்காத, அங்கே நிரந்தர வசிப்பிடமும் இல்லாத ஒருவரின் ஓய்வூதியத்துக்கு எந்த மாநிலமும் வருமான வரி விதிக்கக் கூடாது. ராணுவ ஓய்வூதியத்தையும் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எனவே எத்தனை ஆண்டுகள் எந்தத் தளத்தில் பணியாற்றினீர்கள் என்பது இந்தக் கேள்வியில் கணக்கே இல்லை. பணம் கைக்கு வந்த நாளில் எந்த மாநிலத்தவராக இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு.

ஆண்டின் நடுவில் மாநிலம் மாறியவரைப் பகுதி ஆண்டு வசிப்பவர் என்கிறார்கள். இடம் மாறிய தேதிதான் அவருடைய ஆண்டை இரண்டாக வெட்டும் கோடு. முன்னால் வந்த தவணைகள் பழைய மாநிலத்துக்கு, பின்னால் வந்தவை புதிய மாநிலத்துக்கு. எல்லாம் முறையாக நடந்தால் ஒரே தவணைக்கு இரண்டு மாநிலங்கள் உரிமை கோர இடமில்லை. இதில் நுணுக்கமான ஒரு விஷயம்: ஒரு மாதத்துக்குரிய ஓய்வூதியம் அந்த மாதம் முடியும் தறுவாயில், பெரும்பாலும் அடுத்த மாதத்தின் முதல் தேதியில்தான் வங்கிக்கு வருகிறது. ஜூன் 30 அன்று கலிபோர்னியாவை விட்டு அரிசோனாவுக்குப் போனவருக்கு ஜூன் மாதப் பணம் ஜூலை முதல் தேதி வந்தால், அது அரிசோனாக்காரராக வாங்கிய பணம். அரிசோனாவில் அதற்கு வரியே இல்லை. ஒரு மாதத் தொகைதான் என்றாலும், அதைத் தேவையில்லாமல் பழைய மாநிலத்தில் ஏன் காட்ட வேண்டும்?

அடுத்து, மாநிலங்கள் கணக்குப் போடும் விதம். இதில் இரண்டு வழிகள் இருக்கின்றன, இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் அதிகத் தவறுகள் வருகின்றன. வர்ஜீனியா போன்றவை, தம் மாநிலத்தில் வசித்த காலத்து வருமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன்மேல் வரி போடுகின்றன. கலிபோர்னியா போன்றவை வேறு மாதிரி. ஆண்டு முழுவதும் இங்கேயே இருந்திருந்தால் மொத்த வருமானத்துக்கு என்ன வரி வந்திருக்கும் என்று முதலில் கணக்கிட்டு, அதிலிருந்து ஒரு சராசரி விகிதம் எடுத்து, அந்த விகிதத்தை இங்கே இருந்த காலத்து வருமானத்துக்குப் பொருத்துகின்றன. ஆண்டு வருமானம் 80,000 டாலர், அதற்கு முழு வரி 4,000 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 5 சதவீதம். அந்த மாநிலத்தில் வசித்தபோது வந்தது 30,000 என்றால் வரி 1,500. 30,000 மட்டுமே தனியாக இருந்திருந்தால் கீழ்ப்படி விகிதத்தில் இதைவிடக் குறைவாக வந்திருக்கும்.

இரண்டாவது வழியில் படிவத்தில் முழு ஆண்டு வருமானமும் ஒரு பத்தியில் வந்து நிற்பதைப் பார்த்துப் பலர் கலங்கிவிடுகிறார்கள். டெக்சாஸில் வாங்கிய ஓய்வூதியத்துக்கும் கலிபோர்னியா வரி போடுகிறதே என்று கோபப்படுகிறார்கள். அந்தத் தொகை விகிதத்தைக் கண்டுபிடிக்க மட்டும்தான் பயன்படுகிறது. வரி அதன்மேல் விழுவதில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறையைத் தடுக்கவும் இல்லை.

கழிவு இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. ஒருவருக்கு மாதம் 4,000, ஆண்டுக்கு 48,000 டாலர் ஓய்வூதியம் என்று வைத்துக்கொள்வோம். டெக்சாஸிலிருந்து, 30,000 டாலர் வரை கழிவு தரும் ஒரு மாநிலத்துக்குப் போகிறார். அங்கே நான்கு மாதம் வசித்தார், அந்தக் காலத்தில் கைக்கு வந்தது 16,000. வருமான வரித்துறைக்குப் போகும் 1099-ஆர் சீட்டில் 48,000 என்றிருப்பதால், அதையே மாநிலப் படிவத்திலும் எழுதி 30,000 கழித்து, மிச்சம் 18,000க்கு வரி கட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். டெக்சாஸ் காலத்துப் பணத்துக்கு வரி கட்டியதாக அல்லவா ஆகிறது! இதற்கு நேர்மாறாக, 16,000ஐக் காட்டிவிட்டு 30,000 கழிவையும் எடுத்து, மிச்சமுள்ள 14,000ஐப் புதிய வேலைச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் செல்லாது. இந்தக் கழிவு ராணுவ ஓய்வூதியத்துக்காகவே கொடுக்கப்படுகிறது. அந்த மாநிலத்தில் வரிக்கு உட்பட்ட ஓய்வூதியம் எவ்வளவோ அதற்குமேல் போக முடியாது. முதலில் மாநிலத்துக்குரிய தொகையைப் பிரிக்க வேண்டும், பிறகுதான் கழிவு. வரிசை மாறினால் விடையும் மாறிவிடும்.

சரி, வரிசை சரியாகவே இருக்கிறது. 16,000 மாநிலத்தில் காட்டப்பட்டது. உச்சவரம்பு 30,000ஆகவே இருக்குமா, நான்கு மாதத்துக்கு ஏற்பச் சுருங்குமா? சுருங்காது என்றால் 16,000 முழுக்கக் கழிந்து வரி இல்லை. பன்னிரண்டில் நான்கு பங்காகச் சுருங்கும் என்றால் கழிவு 10,000 மட்டும். 6,000 டாலருக்கு வரி உண்டு. இதற்கு நாடு முழுக்க ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் பகுதி ஆண்டுப் படிவத்தின் விளக்கக் குறிப்பில் சொல்லியிருக்கும். முழு ஆண்டு வசிப்பவருக்கான குறிப்பைப் படித்துவிட்டு இதை முடிவு செய்யக் கூடாது. வர்ஜீனியாவுக்கு 760பிஒய், கலிபோர்னியாவுக்கு 540என்ஆர், ஓரிகானுக்கு ஓஆர்-40-பி என்று படிவங்களே வேறு.

வரம்பைச் சுருக்குவதிலும் நியாயமான முறை ஒன்று இருக்கிறது. மேரிலாந்து, ராணுவத்தாருக்கான தனிக் கழிவைத் தவிர, மூத்த குடிமக்களுக்குப் பொதுவான ஓய்வூதிய விலக்கு ஒன்றையும் வைத்திருக்கிறது. பகுதி ஆண்டு வசித்தவர் அந்த விலக்கை, மேரிலாந்தில் இருந்த மாதங்களைப் பன்னிரண்டால் வகுத்துச் சுருக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் மேரிலாந்துக்கு வந்த அதே ஆண்டில்தான் ஓய்வூதியமே தொடங்கியது என்றால், பன்னிரண்டால் வகுக்க வேண்டாம். ஓய்வூதியம் வாங்கிய மாதங்களால் வகுத்தால் போதும். மார்ச் முதல் தேதி குடியேறி, அன்றே ஓய்வூதியம் தொடங்கியவருக்குப் பத்தில் பத்து, அதாவது முழு விலக்கு. பிப்ரவரியில் தொடங்கியிருந்தால் பதினொன்றில் பத்து. வேறெந்த மாநிலத்திலும் ஒரு தவணைகூட வாங்காதவருடைய சலுகையைப் பன்னிரண்டால் வகுத்து வெட்டுவது அநியாயம் என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய விதி இது. எல்லா மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

ஓரிகான் உச்சவரம்பையே வைக்கவில்லை. அங்கே தேதிதான் அளவுகோல். 1991 அக்டோபர் 1க்கு முந்தைய பணி மாதங்கள் மொத்தப் பணி மாதங்களில் எத்தனை சதவீதமோ, அத்தனை சதவீத ஓய்வூதியத்தைக் கழிக்கலாம். இந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு வழக்கு வரலாறு இருக்கிறது. பல மாநிலங்கள் தம் சொந்த ஊழியர்களின் ஓய்வூதியத்தை விட்டுவிட்டுக் கூட்டரசு ஊழியர்களின் ஓய்வூதியத்துக்கு மட்டும் வரி போட்டன. 1989இல் டேவிஸ் எதிர் மிச்சிகன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது பாரபட்சம் என்றது. கான்சஸ் விடவில்லை. ராணுவத்தார் ஓய்வுக்குப் பிறகும் பணிக்குத் திரும்ப அழைக்கப்படக்கூடியவர்கள், எனவே அவர்கள் வாங்குவது ஓய்வூதியமே அல்ல, குறைந்த வேலைக்கான குறைந்த சம்பளம் என்று வாதாடியது. 1992இல் பார்க்கர் எதிர் கான்சஸ் வழக்கில் நீதிமன்றம் அந்த வாதத்தையும் தள்ளியது. வரியைப் பொறுத்தவரை அது முன்பு செய்த பணிக்குப் பின்னால் கிடைக்கும் ஊதியம் என்று தீர்ப்பானது. மாநிலங்கள் தத்தம் சட்டங்களைத் திருத்திக்கொண்டன. ஓரிகானின் 1991 தேதி அந்தத் திருத்தங்களின் தடம்.

கணக்காகப் பார்த்தால், 1981 அக்டோபர் முதல் தேதி பணியில் சேர்ந்து 2001 செப்டம்பர் இறுதியில் ஓய்வு பெற்றவருக்கு 240 மாதங்களில் 120 மாதங்கள் அந்தத் தேதிக்கு முந்தையவை. விகிதம் 50 சதவீதம். ஆண்டு ஓய்வூதியம் 30,000 டாலரில் பாதியை ஓரிகானில் வாங்கினார் என்றால், அங்கே காட்ட வேண்டியது 15,000, கழிவு 7,500. பகுதி ஆண்டு என்பதால் 50 சதவீதத்தை இன்னொரு முறை பாதியாக்க வேண்டியதில்லை. தொகையே ஏற்கெனவே பாதியாகிவிட்டது. 1991 அக்டோபருக்குப் பிறகு சேர்ந்தவருக்கு இந்தக் கழிவு அறவே இல்லை.

ஓய்வு பெறும் அந்த ஒரு ஆண்டுதான் எல்லாவற்றிலும் குழப்பமானது. பணியில் இருக்கும்வரை எஸ்சிஆர்ஏ என்ற கூட்டரசுச் சட்டம் ராணுவத்தாருக்குப் பாதுகாப்பு தருகிறது. டெக்சாஸை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்ட ஒருவரை வர்ஜீனியாவில் பணியமர்த்தினாலும், அவருடைய ராணுவச் சம்பளத்துக்கு வர்ஜீனியா வரி போட முடியாது. சேர்த்துவைத்த விடுப்பைக் கடைசியில் மொத்தமாக எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் நாட்களிலும் அவர் பணியில் இருப்பவர்தான். அவராக வர்ஜீனியாவைத் தன் நிரந்தர ஊராக்கிக்கொள்ளாத வரை பாதுகாப்பு தொடரும். ஓய்வு பெற்ற மறுநாள் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஓய்வூதியம் ராணுவச் சம்பளம் அல்ல. 20 ஆண்டுகளாக டெக்சாஸ் ஓட்டுநர் உரிமத்தோடு வர்ஜீனியாவில் வாழ்ந்தவர், ஓய்வுக்குப் பிறகும் அதே வீட்டில் இருந்துகொண்டு, அதே ஊரில் வேலைக்கும் போய்க்கொண்டு, நான் இன்னும் டெக்சாஸ்காரன் என்று சொன்னால் வர்ஜீனியா ஒத்துக்கொள்ளாது. நேர்மையாகப் பார்த்தால் ஒத்துக்கொள்ளவும் கூடாது. அவர் அந்த ஆண்டில் பகுதி ஆண்டு வசித்தவராகக் கணக்குக் காட்டுவதே முறை. ஓய்வு பெறும்வரை வாங்கிய ராணுவச் சம்பளம் வர்ஜீனியாவுக்கு வெளியே. அதன் பிறகு வந்த ஓய்வூதியம் உள்ளே, கழிவோடு.

இன்னொன்று. கையில் வரும் எல்லாப் பணமும் ராணுவ ஓய்வூதியம் ஆகாது. உடல் குறைபாட்டுக்காக முன்னாள் படைவீரர் துறை தரும் இழப்பீட்டுக்குக் கூட்டரசு வரியே இல்லை. போர் தொடர்பான குறைபாட்டுக்கான சிஆர்எஸ்சி தொகைக்கும் அப்படித்தான். இவற்றை மாநிலக் கழிவின் வரம்புக்குள் கொண்டுவந்து வரம்பை வீணாக்காதீர்கள். ஓய்வூதியமும் குறைபாட்டுத் தொகையும் சேர்ந்து கிடைக்கும் சிஆர்டிபி திட்டத்தில் மீட்கப்படும் பங்கு மட்டும் ஓய்வூதியத்தைப் போலவே வரிக்குரியது. டிஎஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து எடுக்கும் பணத்துக்கு வேறு 1099-ஆர் வரும். பல மாநிலங்களில் ராணுவ ஓய்வூதியக் கழிவு அதற்குப் பொருந்தாது. ஆனாலும் பழைய மாநிலம் அதைத் தேடி வரக் கூடாது என்ற 1996 பாதுகாப்பு அதற்கும் உண்டு.

ஓய்வூதியத்தை வழங்கும் டிஎஃப்ஏஎஸ் அலுவலகம் அனுப்பும் 1099-ஆர் சீட்டில் ஆண்டுத் தொகை மட்டும்தான் இருக்கும். எந்தத் தவணை எந்த நாளில் வந்தது என்பது அதில் இராது. அதற்கு மாதக் கணக்கு அறிக்கைகளும் வங்கிப் பதிவும் வேண்டும். மாநில வரிப் பிடித்தத்தை மாற்றுவதும் உங்கள் பொறுப்புதான். மைபே இணையதளத்திலோ டிடி 2866 படிவத்திலோ நீங்கள் சொல்லும்வரை பழைய மாநிலத்துக்கே பிடித்தம் போய்க்கொண்டிருக்கும். போனது போகட்டும் என்று விடாமல், பழைய மாநிலத்தில் பகுதி ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள். இடம் மாறிய தேதியை யாராவது கேட்டால் வீட்டு வாடகை ஒப்பந்தமோ கிரையப் பத்திரமோ, புதிய ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வண்டிப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவைதான் பேசும். இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்துத் தேதிகளைக் காட்டினால் பிரச்சினை இல்லை. உரிமம் ஒரு மாநிலத்திலும் வீடு இன்னொரு மாநிலத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கேள்வி வரும்.

ஓய்வு பெற்ற முதல் 365 நாட்களுக்கு மில்டாக்ஸ் என்ற இலவச வரி உதவி ராணுவத்தாருக்குக் கிடைக்கிறது. மாநிலம் மாறுவதும் பெரும்பாலும் அந்த ஓராண்டுக்குள்தான் நடக்கிறது என்பதால் அதைத் தவறவிட வேண்டாம். ஏற்கெனவே தாக்கல் செய்த கணக்கில் முழு ஆண்டுத் தொகையைக் காட்டியோ கழிவை விட்டுவிட்டோ அதிகம் கட்டியிருந்தால், திருத்தக் கணக்கு போட்டுத் திரும்பப் பெறலாம். பெரும்பாலான மாநிலங்கள் மூன்று ஆண்டு அவகாசம் தருகின்றன, கலிபோர்னியா நான்கு. திருத்தும்போது அந்தந்த ஆண்டின் விதியைத்தான் பார்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டு வர்ஜீனியாக் கணக்கைத் திருத்துபவருக்கு 55 வயது நிபந்தனை இன்னும் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, சமீப ஆண்டுகளில் மாநிலம் மாறியிருந்தால், இந்த வாரமே அந்த ஆண்டின் 1099-ஆர் சீட்டையும் மாநிலப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாநிலத்துக்குரிய வருமானமாகவும் அதே தொகை இருந்தால், கணக்கைத் திறந்து மறுபடி போடுங்கள்.